இரண்டாம் ஹார்டு டிஸ்க்கில் நிறுவிய மென்பொருள்கள்: திருவல்லிக்கேணி அச்சகக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சி டிரைவில் இடம் இல்லை, ஆகவே இனி வரும் மென்பொருளையெல்லாம் டி டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள் என்பது கணினி பழுதுபார்ப்பவர்கள் அன்றாடம் சொல்லும் யோசனை. யோசனையில் பிழை இல்லை. ஆனால் ஒரு மென்பொருளை டி டிரைவில் நிறுவும்போது அதன் எந்தப் பங்கு உண்மையில் அங்கே போகிறது, எந்தப் பங்கு சி டிரைவிலேயே தங்கிவிடுகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. திருவல்லிக்கேணியில் உள்ள ஒரு சிறிய அச்சகத்தில் இந்த யோசனை ஏறத்தாழ ஈராண்டுக் காலம் தவறாமல் பின்பற்றப்பட்டது. முகூர்த்த நாள்கள் நெருங்கிய ஓர் ஆவணி மாதத்தில் வேலை அடியோடு நின்றது. அந்த நிகழ்வையும், அதற்குப் பின் அந்தக் கணினியில் கண்டறியப்பட்டவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கணினியும் அதன் வேலையும்

ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கிப் பூட்டப்பட்ட கணினி அது. விண்டோஸ் 10 இருக்கும் 120 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு) ஒன்று, அதுவே சி டிரைவ்; நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று, அது டி டிரைவ்; 16 ஜிபி ராம். வட்டு தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1,024-இன் அடுக்குகளில் கணக்கிடுகிறது. அதனால் முதல் வட்டு திரையில் 111 ஜிபி அளவிலும், இரண்டாவது 931 ஜிபி அளவிலும்தான் தெரியும். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் எடுத்துக்கொண்டது போக, சி டிரைவில் ஓர் அச்சகத்துக்கு மிஞ்சும் இடம் சொற்பமே.

திருமண அழைப்பிதழ், கடைத்திறப்பு நோட்டீஸ், பில் புத்தகம், விசிட்டிங் கார்டு ஆகியவையே அங்கு நடக்கும் வேலை. ஆப்பரேட்டர்கள் இருவர் முறை மாற்றி அமர்கிறார்கள். மாலையில் உரிமையாளர் அதே கணினியில் டேலி பிரைமில் கணக்கு எழுதுகிறார். ஃபோட்டோஷாப், கோரல்டிரா, டேலி ஆகியவை டி டிரைவில் நிறுவப்பட்டிருந்தன. இன்றும் பல அச்சகங்கள் கைவிடாத பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7 மட்டும் சி டிரைவில் இருந்தது. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

வேலை நின்ற நாள்

முந்தைய நாள் புரூஃப் (பிழை பார்க்கும் மாதிரி அச்சு) பார்த்து முடித்த அழைப்பிதழை ஆப்பரேட்டர் காலையில் திறந்தபோது, மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அவற்றுக்கிடையே அரைப்புள்ளிகளும் நின்றன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில்தான் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டுள்ளன. புள்ளிக்கு அரைப்புள்ளியின் இடம். எழுத்துரு காணாமற்போனால், அடியில் கிடக்கும் ஆங்கிலக் குறிகள் வெளியே வந்துவிடுகின்றன. வைரஸ் வந்துவிட்டது என்றே அங்கிருந்தவர்கள் முதலில் நினைத்தார்கள். அடுத்து ஃபோட்டோஷாப்பின் ஐகான் வெள்ளைத் தாளாக மாறியிருந்ததையும், டேலி திறக்காததையும் கண்ட பிறகுதான், "சார், டி டிரைவையே காணோம்" என்று எனக்குத் தொலைபேசி வந்தது.

டி டிரைவ் காணாமற்போகவில்லை. அது இ டிரைவாகியிருந்தது. நடந்ததைக் கோத்துப் பார்த்தபோது வரிசை இப்படி அமைந்தது. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் மின்கம்பியின் செருகி தளர்ந்திருந்ததால், கணினி ஒருமுறை அந்த வட்டு இல்லாமலேயே துவங்கியது. அந்த வேளையில் ஒரு வாடிக்கையாளர் மேட்டர் (அச்சிட வேண்டிய வாசகம்) கொண்டுவந்த பென் டிரைவைச் செருகினார்கள். விண்டோஸ் காலியாக இருந்த முதல் எழுத்தான டி-யை அதற்குக் கொடுத்தது. பிறகு யாரோ பெட்டியைத் திறந்து கம்பியை அழுத்திவிட்டுக் கணினியை மீண்டும் துவக்கினார்கள்; பென் டிரைவ் அப்போதும் செருகியே இருந்தது. ஹார்டு டிஸ்க்குக்கு அடுத்த எழுத்து கிடைத்தது. எந்த வட்டுக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அதையே தருவதால், பென் டிரைவைக் கழற்றிய பின்னும் நிலைமை சீராகவில்லை.

எழுத்துருக்களுக்கும் இதே கதிதான். நூற்றுக்கணக்கான எழுத்துருக்களைச் சி டிரைவில் ஏற்ற வேண்டாம் என்று கருதி, ஷார்ட்கட் வழியாக எழுத்துரு நிறுவும் வசதியை விண்டோஸில் இயக்கி, மூலக் கோப்புகளை டி டிரைவிலேயே வைத்திருந்தார்கள். எழுத்துருக்கள் மொத்தமாகச் சில நூறு எம்பிக்கு மேல் போகாதவை. அந்த இடத்தை மிச்சப்படுத்தப்போய், ஒரு கம்பி தளர்ந்தால் கடையின் தமிழ் முழுவதும் மறையும் நிலையை உண்டாக்கியிருந்தார்கள்.

இதற்கிடையில் உரிமையாளரின் உறவினர் ஒருவர், பழைய பிரின்டர் மென்பொருள் ஒன்றை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவ முயன்று, டி என்பது செல்லாத டிரைவ் என்று கூறும் 1327 என்ற பிழையில் முட்டி நின்றார். அந்த மென்பொருளுக்கும் டி டிரைவுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. பயனரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் டி டிரைவுக்கு மாற்றப்பட்டிருந்தது. விண்டோஸ் இன்ஸ்டாலர் வேலையைத் தொடங்கும்போது இத்தகைய ஃபோல்டர்களின் முகவரிகளைச் சரிபார்க்கும். ஒன்று இல்லையென்றாலும் நின்றுவிடும்.

திருத்தம் எளிதாகவே முடிந்தது. செருகியை மாற்றினேன். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் ஹார்டு டிஸ்க்குக்கு மீண்டும் டி என்ற எழுத்தைக் கொடுத்துக் கணினியை மறுபடி துவக்கியதும் மணமக்கள் பெயர் உட்பட எல்லாம் திரும்பின. புதிதாக இரண்டாம் வட்டு பூட்டுபவர்கள், மென்பொருள் எதையும் நிறுவுவதற்கு முன்பே அந்த வட்டுக்கு எழுத்து வரிசையில் பின்னால் உள்ள ஒன்றை, எம் (M) அல்லது பி (P) போன்ற ஒன்றை, கொடுத்துவிடுவது நல்லது. பென் டிரைவுகளும் கார்டு ரீடர்களும் முன்வரிசையில் காலியான எழுத்துகளையே பிடிப்பதால் அவ்வளவு தூரம் வருவது அரிது. இந்தக் கணினியில் அதற்கான காலம் கடந்துவிட்டது. டி என்ற எழுத்து ரெஜிஸ்ட்ரியில் எண்ணற்ற இடங்களில் பதிந்திருக்க, அதை மாற்றுவது புதுச் சிக்கலை விலைக்கு வாங்குவதாகும்.

சி டிரைவ் ஏன் காலியாகவில்லை

வேலை மீண்டும் தொடங்கியது. ஆனால் உரிமையாளரின் அடிப்படைக் குறை அப்படியே இருந்தது: பெரிய மென்பொருள்கள் எல்லாம் டி டிரைவில் இருக்க, சி டிரைவில் 2 ஜிபிகூட மிச்சமில்லாமல் சிவப்புக் கோடு காட்டுவது எப்படி?

நிறுவும்போது நாம் தேர்ந்தெடுக்கும் ஃபோல்டர், மென்பொருளின் முதன்மைக் கோப்புகளுக்கு மட்டுமே உரியது. பல மென்பொருள்கள் பொதுவாகப் பகிரும் பகுதிகள் சி டிரைவின் காமன் ஃபைல்ஸுக்குள் போகும். எல்லாப் பயனர்களுக்குமான அமைப்புகள் புரோகிராம் டேட்டாவிலும், ஒவ்வொரு பயனருக்குமான அமைப்புகளும் தற்காலிகக் கோப்புகளும் ஆப் டேட்டாவிலும் சேரும். நிறுவல் பொதியின் ஒரு நகல், பின்னாளில் பழுதுபார்க்கவும் நீக்கவும் தேவைப்படும் என்பதற்காக, விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற மறைந்த ஃபோல்டரில் சேமிக்கப்படும். இடம் பிடிக்கிறதே என்று அந்த ஃபோல்டரைக் காலி செய்பவர்கள் உண்டு; அதன் பிறகு பல மென்பொருள்களை அப்டேட் செய்யவும் முடியாது, நீக்கவும் முடியாது. எம்எஸ் ஆபீஸின் இக்கால நிறுவல் முறையும் குரோமும் எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்பதே இல்லை. நேராகச் சி டிரைவுக்கே போகின்றன.

இவையெல்லாம் எதிர்பார்த்தவையே. ஃபோல்டர் வாரியாக அளவெடுத்தபோது உண்மையான இடம் விழுங்கிகள் வேறு திசையில் அகப்பட்டன. முதலாவது, ஹைபர்னேஷன் கோப்பு: திறந்திருக்கும் வேலையை வட்டில் எழுதிவைத்துவிட்டுக் கணினி உறங்குவதற்கு ஒதுக்கிய இடம். விண்டோஸ் 10-இல் முழு ஹைபர்னேஷனுக்கான கோப்பு, வழக்கமான அமைப்பில் ராமின் அளவில் 40 விழுக்காடு பிடிக்கும். 16 ஜிபி ராமுக்கு 6.4 ஜிபி. மாலையில் கதவைப் பூட்டும்போது கணினியையும் நிறுத்திவிடும் ஒரு கடைக்கு அது தேவையே இல்லை. அடுத்தது வாட்ஸ்அப். வாடிக்கையாளர்கள் படமும் மேட்டரும் அனுப்புவது அதன் வழியாகத்தான். கணினியில் உள்ள வாட்ஸ்அப் அவற்றைப் பயனரின் ஆப் டேட்டாவுக்குள் சேர்த்துக்கொண்டே போயிருந்தது. மூன்றாவது, ஃபோட்டோஷாப்பின் ஸ்கிராட்ச் கோப்பு. ராம் போதாதபோது அந்த மென்பொருள் வட்டில் எழுதிக்கொள்ளும் தற்காலிக இடம் அது. ஃபோட்டோஷாப்பை டி-யில் நிறுவினாலும், அமைப்பை மாற்றாதவரை ஸ்கிராட்ச் விண்டோஸ் இருக்கும் வட்டில்தான் எழுதப்படும். பேனர் அளவுப் படம் திறந்திருக்கும்போது பல ஜிபி இடம் கண்ணெதிரே கரைவதும், மென்பொருளை மூடியதும் திரும்புவதும் இதனால்தான். உரிமையாளர் இதை "சி டிரைவ் மூச்சு விடுது" என்று வருணித்தார். மறுக்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது, அச்சகத்துக்கே உரிய ஒன்று. புரூஃப் எடுக்கும் பிரின்டரின் அமைப்பில், அச்சிட்ட ஆவணங்களை நீக்காமல் வைத்திருக்கும் வசதி டிக் செய்யப்பட்டிருந்தது. அதனால் இதுவரை எடுத்த புரூஃப்களின் ஸ்பூல் கோப்புகள், அதாவது பிரின்டருக்குப் போகுமுன் வட்டில் எழுதப்படும் தற்காலிகக் கோப்புகள், பெரும்பகுதி சிஸ்டம் 32-க்குள் உள்ள ஸ்பூல் ஃபோல்டரில் அப்படியே கிடந்தன. 300 டிபிஐ வண்ணப் பக்கம் ஒன்று ஸ்பூலில் எவ்வளவு பருக்கும் என்பது அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 15 ஜிபிக்கும் மேலான இடம் அங்கே அடைபட்டிருந்தது. அந்த டிக்கை எடுத்துவிட்டு, பிரின்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, கோப்புகளை அழித்து, சேவையை மீண்டும் இயக்கியதும் சிவப்புக் கோடு நீலமாயிற்று. ஒரு மென்பொருளையும் இடம் மாற்றவில்லை.

மெதுவாக இயங்குவது பற்றிய குறை

ஃபோட்டோஷாப் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்பது ஆப்பரேட்டர்கள் இருவரும் சொன்னது. இதில் மர்மம் இல்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட், வேண்டிய தரவு முனையின் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, 4.17 மில்லிசெகண்ட், காத்திருக்க வேண்டும். முனை தடம் விட்டுத் தடம் நகரும் நேரத்தையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு முறைக்குக் குறைவாகவே படிக்க முடியும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்யும். பெரிய மென்பொருள் ஒன்று துவங்குவது என்பது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடிப் படிப்பதே. 400 எம்பி அளவுள்ள ஒரே படத்தைத் திறக்கும்போது ஹார்டு டிஸ்க் அவ்வளவு மோசமாகத் தெரியாது. தொடர்ச்சியாகப் படிப்பதில் அது விநாடிக்கு 150 எம்பியைத் தாண்டக்கூடியது. ஆகவே இந்தக் கடையின் ஏற்பாடு தலைகீழாக இருந்தது. வேகம் வேண்டிய மென்பொருள் மெதுவான வட்டிலும், எங்கே இருந்தாலும் போதும் என்ற ஸ்பூலும் வாட்ஸ்அப் படங்களும் வேகமான வட்டிலும் இருந்தன.

டீ இடைவேளைக்குப் பின் முதல் கிளிக்கில் திரை உறைந்து நிற்பதாகவும் ஒரு குறை. வழக்கமான மின் அமைப்பில், 20 நிமிடம் தொடப்படாத ஹார்டு டிஸ்க்கை விண்டோஸ் நிறுத்திவிடும். மீண்டும் சுழன்று வேகம் எடுக்கும்வரை அதிலுள்ள மென்பொருள் காத்திருக்கத்தான் வேண்டும். நேரத்தைச் சுழியமாக்கினால் அந்த நிறுத்தம் ரத்தாகும்.

ரெஜிஸ்ட்ரியில் செய்யப்பட்டிருந்த மாற்றம்

விண்டோஸ் அப்டேட் ஒவ்வொரு மாதமும் பாதி வழி போய்த் தோல்வியுற்றுப் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இடப் பற்றாக்குறைதான் காரணம் என்று கருதியிருந்தார்கள். இடம் கிடைத்த பின்னும் அதே தோல்வி. தேடியபோது, புரோகிராம் ஃபைல்ஸின் இருப்பிடத்தைக் குறிக்கும் ரெஜிஸ்ட்ரி மதிப்பு டி டிரைவுக்கு மாற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒவ்வொரு முறையும் ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும் தொல்லை வேண்டாம் என்று, முன்பு பார்த்த பழுதுபார்ப்பாளர் செய்துவிட்டுப் போன வேலை. 64 பிட் மென்பொருளுக்கான மதிப்பை மட்டும் மாற்றிவிட்டு, 32 பிட்டுக்கான மற்றொரு மதிப்பை அவர் விட்டுவிட்டார். 32 பிட் மென்பொருளான பேஜ்மேக்கர் சி டிரைவிலேயே தங்கியதற்கு அதுவே காரணம்.

இந்த மாற்றத்தைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்துள்ளது. தக்க காரணமும் உண்டு. புரோகிராம் ஃபைல்ஸில் நாம் நிறுவுபவை மட்டும் இல்லை. விண்டோஸின் சொந்தப் பகுதிகளும் இருக்கின்றன. அவற்றின் பல கோப்புகள், வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற களஞ்சியத்தில் உள்ள மூலக் கோப்புகளின் ஹார்டு லிங்குகள். ஒரே தரவுக்கு இரண்டு பெயர்கள். ஹார்டு லிங்க் ஒரு பார்ட்டிஷனை (வட்டின் ஒரு பிரிவை) தாண்டி இன்னொன்றுக்குப் போக முடியாது. ஆகவே அந்த ஃபோல்டரை வேறு வட்டுக்குத் திருப்பிவிடுவது அப்டேட் முறையின் அடித்தளத்தோடு மோதுகிறது. மதிப்பைப் பழையபடி சி டிரைவுக்கு மாற்றிய பின், நிலுவையில் இருந்த அப்டேட்டுகள் இறங்கின. ஏற்கெனவே டி-யில் நிறுவப்பட்டிருந்தவை அவற்றின் சொந்தப் பாதைகளில் பதிவாகியிருந்ததால் அவற்றுக்குப் பாதிப்பு ஏற்படவில்லை.

இதே நோக்கத்துக்கு ஜங்க்ஷன் என்ற இணைப்பு முறையையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். சி டிரைவில் உள்ள ஃபோல்டரை டி-க்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் ஒரு வழிகாட்டியை நட்டு வைப்பது. ஒரு தனி மென்பொருளுக்கு அது வேலை செய்யும்தான். ஆனால் அடுத்து வருபவருக்கு அந்தக் கணினியின் உண்மை நிலை கண்ணுக்குத் தெரியாது. ஒரு செருகி தளர்ந்ததற்கே இந்தப் பாடு பட்ட கடையில் இன்னொரு மறைமுகச் சார்பை உண்டாக்க நான் விரும்பவில்லை.

யாரும் கேட்காத ஒரு கேள்வி

டி டிரைவில் மென்பொருள் நிறுவுவது பற்றிய பேச்சில் அனுமதிகளைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. என் கணிப்பில் இதுவே இந்த ஆய்வின் மிகக் கவலைக்குரிய பகுதி. சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள கோப்புகளைச் சாதாரணப் பயனர் மாற்ற முடியாது. நிர்வாகி அனுமதி வேண்டும். தரவுக்கென்று ஃபார்மட் செய்யப்பட்ட இரண்டாம் வட்டிலோ, வழக்கமான அமைப்பின்படி, கணினியில் நுழைந்த எந்தப் பயனரும் கோப்புகளை மாற்றலாம், அழிக்கலாம். அங்கே புதிதாக உருவாக்கும் ஃபோல்டருக்கும், அதற்குப் புரோகிராம் ஃபைல்ஸ் என்றே பெயரிட்டாலும், அந்தத் தளர்ந்த அனுமதியே வந்து சேர்கிறது. பெயர் பாதுகாப்பைத் தருவதில்லை.

இங்கே ஆப்பரேட்டர்கள் நிர்வாகி உரிமையற்ற கணக்கில்தான் வேலை செய்கிறார்கள். உரிமையாளர் அதை ஒழுங்காகச் செய்திருந்தார். ஆனால் நாள்தோறும் முகம் தெரியாத பென் டிரைவுகள் செருகப்படும் கணினி அது. அவற்றிலிருந்து ஏதேனும் தீய நிரல் ஆப்பரேட்டரின் கணக்கில் இயங்கினால், டி டிரைவிலுள்ள மென்பொருளின் இயக்கக் கோப்பையே அது மாற்றி எழுத முடியும். மாலையில் உரிமையாளர் நிர்வாகிக் கணக்கில் அதைத் திறந்தால் தீய நிரலுக்கு நிர்வாகி உரிமை கிடைத்துவிடும். அந்த ஃபோல்டரின் பாதுகாப்பு அமைப்பில், மேலிருந்து வரும் அனுமதிகளைத் துண்டித்து, சாதாரணப் பயனர்களுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும் உரிமை விட்டேன். டேலியின் தரவு ஃபோல்டரை மட்டும் தனியே பிரித்து, அதில் எழுதும் உரிமையை உரிமையாளரின் கணக்குக்குக் கொடுத்தேன். ஆப்பரேட்டர்கள் அதைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

மாற்றி அமைத்தவை

ஃபோட்டோஷாப்பையும் கோரல்டிராவையும் முறைப்படி நீக்கி, சி டிரைவில் மீண்டும் நிறுவினேன். ஃபோல்டரை அப்படியே இழுத்துப்போடுவதால் ரெஜிஸ்ட்ரியில் உள்ள பாதைகள் மாறுவதில்லை என்பதால் குறுக்குவழி தேடவில்லை. எழுத்துருக்கள் உண்மையாகவே விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டருக்குள் சென்றன. ஹைபர்னேஷன் நிறுத்தப்பட்டது, ஸ்பூல் ஃபோல்டர் டி-க்கு மாற்றப்பட்டது. வாட்ஸ்அப்பில் வரும் படங்களை வேலை முடிந்ததும் டி-யில் உள்ள வாடிக்கையாளர் ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு மூலத்தை அழிக்கும் வழக்கத்தை ஆப்பரேட்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அது எத்தனை நாள் நிலைக்கும் என்பது வேறு விஷயம். டேலி டி-யிலேயே விடப்பட்டது. சிறிய மென்பொருள், மெதுவான வட்டிலும் குறையின்றி ஓடுகிறது.

ஸ்கிராட்ச்சை எங்கே வைப்பது என்பதில்தான் தயக்கம் இருந்தது. டி-க்கு மாற்றினால் சி-யில் இடம் மிஞ்சும். ஆனால் பேனர் வேலையின்போது ஹார்டு டிஸ்க்கின் வேகத்துக்கு ஃபோட்டோஷாப் இறங்கிவிடும். முதல் விருப்பம் சி, அது நிரம்பினால் டி என்று இரண்டையும் வரிசைப்படுத்தினேன். இன்னொரு 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி அதில் மென்பொருளையும் ஸ்கிராட்ச்சையும் வைப்பதே சரியான தீர்வு என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் வட்டு எஸ்எஸ்டியாக இருந்து, எழுத்தும் அனுமதியும் தொடக்கத்திலேயே ஒழுங்காக அமைக்கப்பட்டிருந்தால், அங்கே மென்பொருள் நிறுவுவதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது; இந்தக் கணினியின் பிராசசர் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய வகை. எனவே புதுக் கணினி வாங்கும் பேச்சு எழுந்தபோது, டி டிரைவை அப்படியே கழற்றிப் புதியதில் மாட்டினால் மென்பொருள்கள் ஓடுமா என்று உரிமையாளர் கேட்டார். நிறுவத் தேவையில்லாத போர்ட்டபிள் வகை மட்டும் ஓடும். மற்றவற்றின் ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளும் காமன் ஃபைல்ஸும் பழைய சி டிரைவோடு போய்விடுவதால் அவற்றை மீண்டும் நிறுவியே ஆக வேண்டும், உரிமம் கணினியோடு பிணைந்தவற்றைப் பழையதில் விடுவித்துவிட்டுப் புதியதில் செயல்படுத்த வேண்டும் என்றேன். அதற்காக எல்லா மென்பொருளின் நிறுவல் கோப்புகளையும் டி-யில் ஒரே ஃபோல்டரில் சேர்த்து, அதன் நகலை ஒரு வெளி வட்டிலும் எடுத்து வைத்தோம். சீரியல் எண்களை ஒரு தாளில் எழுதி, பில் புத்தகங்கள் இருக்கும் அலமாரியில் வைத்துக்கொள்வதாக அவர் சொன்னார்.